மலை ஏறப் பயந்தவளுக்கு ஆளுக்கொரு வழி சொன்னார்கள்

போடியிலிருந்து பூப்பாறைக்குப் போக மலையைத் தாண்டியாக வேண்டும். முந்தலில் ஏற்றம் தொடங்கும். 17 கொண்டை ஊசி வளைவு. உச்சியில் போடிமெட்டு. அதற்கப்புறம் கேரளா. கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கிற தேசிய நெடுஞ்சாலை இது. எங்களுக்கு ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற வழி, அவ்வளவுதான். விடியும் முன்னே ஜீப் ஜீப்பாகத் தோட்ட வேலைக்கு ஆட்கள் ஏறிப் போவார்கள், பொழுது சாய இறங்கி வருவார்கள். தூக்கக் கலக்கத்தில் அவர்கள் தலை ஆடி ஆடிப் போவதைப் பார்த்தால் அந்த மலையில் பயப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும்.

எனக்கு இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், கீழிருந்து 6-ஆவது வளைவில் எனக்கு முன்னே போன லாரி நின்றது. நானும் நின்றேன். லாரி நகர்ந்ததும் கிளட்சை விட்டேன். கார் ஒரு உதறு உதறி அணைந்துவிட்டது. அதே பதற்றத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்திருக்கிறேன் போல. வண்டி பின்னால் உருண்டது. அளந்து பார்த்தால் ஆறடி இருக்காது. பின்சக்கரம் ஓரத்துக் கல்லில் முட்டி நின்றது. பின்னால் வந்த ஜீப்பிலிருந்து ஒரு தம்பி இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, "அக்கா, கைய விடுங்க, மொதல்ல கைய விடுங்க" என்றான். ஸ்டீயரிங்கை அப்படி இறுக்கியிருந்தேன். அவனே ஓட்டிப் போடிமெட்டில் கொண்டுபோய் விட்டான். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் எழுத ஒன்றுமில்லை. பூப்பாறையில் அம்மா தனியாக இருக்கிறார். அப்பா வைத்துவிட்டுப் போன ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. காய் பறிப்புக்கு ஆள் விடுவது, உரம் வாங்கிப் போடுவது, காயைச் சீராக உலர்த்தி ஏலத்துக்கு அனுப்புவது என்று எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. (ஏலத்தை ஏலம் விடுகிற ஊர்க்காரி நான். சொல் ஒன்றுதான், சரக்கும் சந்தையும் வேறு.) மலை ஏற முடியாதவள் தோட்டம் பார்ப்பது எப்படி? குத்தகைக்கு விட்டுவிடு என்றார்கள் பாதிப் பேர். பயத்தைத் தீர்க்க வழி சொன்னார்கள் மீதிப் பேர். நான் எல்லா வழியையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்த்திருக்கிறேன். எது யாருக்கு ஆகும் என்பதில் எனக்கென்று ஒரு கருத்து வந்திருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன்.

போகாமலே இருந்துவிடுவது

இதை ஒரு வழியாகவே கணக்கில் எடுக்க மாட்டார்கள். நான் எடுப்பேன். உயரமான ராட்டினத்தில் ஏறப் பயம் என்றால் ஏறாமல் இருங்கள், வாழ்க்கையில் என்ன குறைந்துவிடும்? எல்லாப் பயத்தையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அடக்கிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? பயப்படுகிற பொருளுக்குப் பின்னால் நீங்கள் ஆசைப்படுகிற ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எனக்கு இருந்தது. ஆறு கிலோமீட்டர் தள்ளி வேறு சாலை இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஆனால் இந்த வழிக்கு ஒரு குணம் உண்டு. அது இருந்த இடத்தில் இருக்காது, பரவும். முதலில் நான் கார் ஓட்டுவதை நிறுத்தினேன். ஜீப்பில் போனேன். கொஞ்ச நாளில் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார முடியவில்லை, பின்னால் போய்ப் பள்ளம் தெரியாத பக்கமாக உட்கார்ந்தேன். அப்புறம் மழைநாளில் ஜீப்பும் வேண்டாம் என்றேன். கடைசியில் அம்மாவை, "நீயே இறங்கி வந்துட்டுப் போம்மா" என்று கேட்க ஆரம்பித்தேன். எழுபது வயதுக்காரியை மலையிறங்கச் சொல்லிவிட்டு நான் வீட்டில் பத்திரமாக இருந்தேன்.

இது ஏன் என்பதை மனநூல் படித்தவர்கள் எளிதாகச் சொல்கிறார்கள். ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் ஒரு பெருமூச்சு வருகிறதே, அந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைக்கிற வேலையை மனம் விடாது. அதோடு, போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பும் ஒவ்வொரு முறையும் போய்விடுகிறது.

ஒரே மூச்சில் ஏறிவிடுவது

இது என் கொழுந்தனாரின் கட்சி. "மதினி, ஒரு தடவ மூச்சப் புடிச்சுக்கிட்டு ஏறிருங்க. சரியாப் போயிரும்." ஊரில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கட்சிதான். தைரியம் என்றாலே நமக்குக் குதிப்பதுதான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் பெரியப்பா அப்படித்தான் தன் இரண்டு மகன்களுக்கும் நீச்சல் பழக்கினார். கிணற்று மேட்டில் நிற்க வைத்துத் தள்ளிவிட்டார். மூத்தவன் தத்தளித்து, தண்ணீர் குடித்து, அன்றைக்கே நீந்தினான். இளையவனுக்கு இப்போது ஐம்பது வயது. சுருளி அருவிக்குக் குடும்பத்தோடு போனாலும் துண்டையும் சோப்பு டப்பாவையும் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பான். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எப்போதும் மூத்தவனை மட்டும்தான் சொல்வார்கள்.

முழுதாக ஒரேயடியாக எதிர்கொள்வது சிலருக்கு வேலை செய்யும் என்பது உண்மை. சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களின் கடைசியில் சிலந்திப் பயம் போன்ற தனிப் பயங்களுக்கு ஒரே அமர்வில், அதிகம் போனால் 3 மணி நேரத்தில், சிகிச்சை தரும் முறையை எழுதினார். ஆனால் அது தள்ளிவிடுவது இல்லை. அந்த 3 மணி நேரத்துக்குள்ளேயே சின்னச் சின்னப் படிகள் இருக்கும், ஒவ்வொரு படிக்கும் நோயாளியின் சம்மதம் இருக்கும், பயம் தணியும்வரை அந்த இடத்திலேயே நிற்பார்கள். பயம் உச்சத்தில் இருக்கும்போது ஓடி வந்துவிட்டால், முன்பு இருந்ததைவிடக் கெட்டியாக அது உட்கார்ந்துகொள்ளலாம்.

எங்கே குதிக்கலாம் என்பதற்கு என் தங்கையைச் சொல்வேன். அவள் கல்யாணமாகிச் சாந்தன்பாறைப் பக்கம் போனவள். மலையாளம் புரியும், பேச வெட்கம். ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், எங்கும் மகனை விட்டுப் பேச வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மகன் ஊரில் இல்லை, பட்டா விஷயமாக ஓர் அலுவலகத்தில் தனியே மாட்டிக்கொண்டாள். பாதி தமிழ், பாதி மலையாளம், மீதி கை ஜாடை. எழுத்தர் சிரித்தார், இவளும் சிரித்தாள், வேலை முடிந்தது. அன்றோடு சரி. தப்பு செய்தால் போவது வெறும் மானம்தான் என்கிற இடத்தில் குதியுங்கள். மேடையில் பேசுவது, புது ஆளிடம் பேச்சுக் கொடுப்பது, சம்பள உயர்வு கேட்பது எல்லாம் இந்த வகை. என் விஷயத்தில் தப்பு செய்தால் போவது மானம் அல்ல. பின்னால் ஏறி வருகிற ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள்.

கொழுந்தனார் பேச்சைக் கேட்டு ஒரு தடவை முயன்றேன். 2-ஆவது வளைவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஓரங்கட்டி, சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் நான்கு மாதம் முந்தல் பக்கமே போகவில்லை.

மாத்திரை, கயிறு, துணைக்கு ஆள்

இந்த மூன்றையும் ஒன்றாக வைப்பது சிலருக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

படபடப்புக்குப் புரோப்ரனலால் என்கிற மாத்திரையை டாக்டர்கள் கொடுப்பதுண்டு. நெஞ்சு அடித்துக்கொள்வதையும் கை நடுங்குவதையும் அது குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. என்றைக்கோ ஒரு நாள் மேடை ஏறிப் பேச வேண்டியவருக்கு, டாக்டர் பார்த்துக் கொடுத்தால், உதவலாம். அல்பிரஸோலாம் போன்ற மாத்திரைகளின் கதை வேறு. மனம் அமைதியாகும், கூடவே மந்தமாகும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. தொடர்ந்து போட்டால் பழக்கமாகிவிடும். தெரிந்தவர் ஒருவர் அன்பாக ஒரு அட்டையைக் கையில் திணித்தார், வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுத்தேன். "ரெண்டு மூடி சாராயம் போட்டா மலை தன்னால இறங்கும்" என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம்.

அம்மா கயிறு மந்திரித்துக் கட்டினார். திருநீறு போட்டார். நான் மறுக்கவில்லை. காரில் ஏறி உட்காரவாவது அது தெம்பு தந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் தெம்பு.

சிக்கல் எங்கே வருகிறது என்பதற்கு மறுபடியும் கிணற்றுக்கே போக வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியவர் பெரியப்பா இல்லை, தாய்மாமா. காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இறக்குவார். முதல் வாரம் பெரிய குடுக்கை. அப்புறம் எங்களுக்குச் சொல்லாமலே சின்னதாக மாற்றுவார். ஒரு நாள், கட்டுகிற மாதிரி பாவனை செய்துவிட்டு வெறும் கயிற்றை மட்டும் கட்டி இறக்கினார். பாதிக் கிணறு நீந்திய பிறகுதான் தெரிந்தது. மாத்திரையும் மந்திரித்த கயிறும் பக்கத்து சீட்டில் கணவரும் எல்லாம் சுரைக்குடுக்கைதான். கட்டிக்கொள்வது தப்பில்லை. ஆனால் குடுக்கையோடு கரையேறினால், "குடுக்கை காப்பாற்றியது" என்றுதான் மனம் எழுதி வைத்துக்கொள்ளும். எப்போது, எப்படிக் கழற்றப்போகிறேன் என்று கட்டும்போதே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கணவரைப் பக்கத்து சீட்டிலிருந்து பின் சீட்டுக்கு, பின் சீட்டிலிருந்து பின்னால் வரும் பைக்குக்கு, பைக்கிலிருந்து வீட்டுக்கு என்று நான் கழற்றியது அப்படித்தான். அவருக்கு மகிழ்ச்சி, பேப்பர் படிக்க நேரம் கிடைத்தது.

படிப்படியாக

இந்த முறைக்கு நூறு வயது ஆகிவிட்டது. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்கிற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற குழந்தைக்கு, அவன் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தார். கடைசியில் பையன் முயலைத் தடவிக்கொடுத்தான். 1950-களில் தென்னாப்பிரிக்க டாக்டர் ஜோசப் வோல்பே இதை ஒழுங்கான சிகிச்சையாக்கினார். பயத்துக்கு 0 முதல் 100 வரை மார்க் போடும் வழக்கமும் அவருடையதுதான்.

இதைத்தான் நான் தேர்ந்தெடுத்தேன். ஆனால் நேராகப் படியில் கால் வைக்கவில்லை. மனநல ஆலோசகர் ஒருவரைப் பார்க்கப் போனபோது அவர் கேட்ட ஒரு கேள்வி குறுக்கே வந்தது. "என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள்? ஒரு வரியில் எழுதுங்கள்." எழுதினேன்: 'வண்டி அணைந்துவிடும், பின்னால் உருளும், எனக்கு நிறுத்தத் தெரியாது.' அவர் கடைசி மூன்று வார்த்தைகளின் கீழே கோடு போட்டார். "இது பயம் இல்லையே, உண்மைதானே?"

உண்மைதான். லைசென்ஸ் எடுத்தது சமதளத்தில். மேட்டில் நின்ற வண்டியை எடுக்க எனக்கு யாரும் சொல்லித்தரவே இல்லை. பயத்தைப் பற்றி அறிவுரை சொன்ன அத்தனை பேரும் தாண்டிப்போன இடம் இது. என் பயத்தில் பாதி, மனம் சரியாகவே அடித்த மணி. நீச்சல் தெரியாதவன் கிணற்றைக் கண்டு ஒதுங்கினால் அதற்குச் சிகிச்சை தேவையில்லை, நீச்சல்தான் தேவை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்களே, இதே போடிக்குப் பக்கத்தில். அதற்கப்புறம் கோடைக்காட்டுக்குள் போக யோசிக்கிறவனைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே முதலில் ஆசான். முப்பது வருஷம் மலையில் ஜீப் ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர். முந்தலுக்கு முன்னே ஆளில்லாத ஒரு சரிவில் என்னை நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வை. கிளட்சை மெதுவாக விடு. எஞ்சின் சத்தம் கனக்கும், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். அந்த இடத்தில் காலை அப்படியே நிறுத்து. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதி. இப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கு. வண்டி ஒரு விரற்கடை கூடப் பின்னால் போகாமல் நடந்தது. நாற்பது தடவை செய்ய வைத்திருப்பார்.

மறுநாள் அவர் சொன்னதுதான் எதிர்பாராதது. "தாயி, இன்னைக்கு வண்டிய அணைச்சுவிடு. பின்னாடி உருளட்டும்." எனக்குத் தொண்டை வறண்டது. வேண்டுமென்றே அணைத்தேன். ஒரு அடி உருண்டது, பிரேக்கை மிதித்தேன், நின்றது. மறுபடி. ஐந்தாவது தடவை உருளும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதைக் கண்டு மூன்று வருஷம் ஒளிந்திருந்தேனோ, அதை நானே கூப்பிட்டு, நானே நிறுத்திக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம்தான் படிகள். முந்தல் சாவடி வரை போய் நிற்பது: 40 மார்க். முதல் வளைவு: 55. புலியூத்து வரை, ஆசான் பக்கத்தில் இருக்க: 70. அந்த 6-ஆவது வளைவில் வண்டியை நிறுத்தி எடுப்பது: 95. மார்க் பாதியாகக் குறையும்வரை அடுத்த படி கிடையாது. மிக அலுப்பான வேலை. நான்கு மாதம் பிடித்தது. பெட்ரோல் செலவைக் கொழுந்தனார் கணக்குப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த முறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். பயம் அழிவதில்லை, அதன் மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது. விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், ஒரு கூண்டில் அடங்கிய பயம் வேறு கூண்டுக்கு மாற்றியதும் தலை தூக்கியது. எனக்கும் அப்படித்தான். காலையில் தைரியமாக ஏறியவளுக்கு முதல் முறை மாலையில் இறங்கும்போது மார்க் 30-லிருந்து 80-க்குப் போனது. ஆகவே காலை, மாலை, தனியாக, ஆட்களோடு, மூட்டையோடு என்று மாற்றி மாற்றிப் பழக வேண்டியிருந்தது. இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர்தான் வழி விட வேண்டும் என்கிற பாடமெல்லாம் அப்போதுதான் கைக்கு வந்தது.

ஆலோசகரிடம் போவது எப்போது

எனக்கு நான்கு அமர்வு போதுமாக இருந்தது. எல்லாருக்கும் இது தேவை என்று சொல்ல மாட்டேன். விபத்து நிஜமாகவே பெரிதாக நடந்து, இரவில் அதே காட்சி கனவாக வந்து எழுப்பினால், மலையை விட்டு வீட்டுக்குள்ளேயும் மூச்சு முட்டினால், பயம் ஒன்றிலிருந்து நான்குக்குப் பரவினால், தானாகப் படி ஏற முயலாமல் முதலில் இங்கே போவதுதான் சரி. காசு ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனாஸ் என்கிற மனநல உதவி எண் 14416, இலவசம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். எல்லையோரம் இருக்கிறவர்களுக்கு அது ஒரு வசதி.

ஊசிக்கும் ரத்தத்துக்கும் பயந்து மயங்கி விழுகிறவர்கள் மட்டும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மற்ற பயங்களில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், இதில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். ஆகவே "உடம்பைத் தளர்த்திக்கோ" என்பது இவர்களுக்குத் தப்பான யோசனை. கை, கால், வயிற்றுத் தசைகளை இறுக்கிப் பிடித்து விடுவதைத்தான் இவர்களுக்குப் பழக்குகிறார்கள். என் அக்கா மகன் இப்படித்தான் ரத்தப் பரிசோதனைக்கு இப்போது உட்காருகிறான், பல்லைக் கடித்துக்கொண்டு.

என் கணக்கு இது. தெரியாத வேலையால் வந்த பயமா, வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். மானம் போகும் பயமா, குதியுங்கள். உயிர் சம்பந்தப்பட்டதா, படி. தூக்கம் கெடுகிறதா, ஆலோசகர். கொழுந்தனார் இன்னமும் ஒப்புக்கொள்ளவில்லை. "அன்னைக்கே ஏறியிருந்தா நாலு மாசப் பெட்ரோல் மிச்சம்" என்கிறார்.

தோட்டத்தைக் குத்தகைக்கு விடவில்லை. போன மாதம் பறிப்புக்குக் காலையில் நானே ஓட்டிப் போனேன். 6-ஆவது வளைவில் அந்தக் கல்லுக்கு யாரோ வெள்ளையடித்திருந்தார்கள். உள்ளங்கை வியர்த்தது, துடைத்துக்கொண்டு எடுத்தேன். திரும்பும் நேரத்தில் போடிமெட்டில் மூடுபனி இறங்கி எதிரே வருகிற வண்டியின் விளக்குகூடத் தெரியவில்லை. பனியில் ஓட்டுவது என் படிகளில் இன்னும் வரவில்லை. காரை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு ஜீப்பில் இறங்கினேன். முன் சீட்டில்.